வயதான மடிக்கணினிகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ வாங்கிய மடிக்கணினி ஏதோ ஒரு வகையில் தொல்லை தருகிறது; கடைக்குக் கொண்டுபோனால், “இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பதிலை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. மடிக்கணினி மொத்தமாக முதுமை அடைவதில்லை. பேட்டரி, வன்தட்டு, விசிறி, கீல், இயங்குதளம் என ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் தேய்கின்றன. எது தேய்ந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், மாற்றுவதா கைவிடுவதா என்ற முடிவைக் கடைக்காரரிடம் விடாமல் நாமே எடுக்கலாம்.

கேள்வி: ஐயா, என் மகளின் கல்லூரிப் படிப்புக்காக 2018ஆம் ஆண்டு ஒரு மடிக்கணினி வாங்கினோம். ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். இப்போது மகனின் பயன்பாட்டில் இருக்கிறது. ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதில் பணம் போடலாமா?
– ஓர் அரசு அலுவலர், தஞ்சாவூர்

பதில்: போடலாம், ஆனால் எங்கே போடுவது என்று பார்த்துப் போட வேண்டும். கணினி மந்தமாக இருக்கும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ என்ற பத்தியின் தலையில் 100 சதவீதம் என்று சிவந்து நின்று, பிராசஸரைக் குறிக்கும் ‘சிபியு’ பத்தியில் பத்துப் பதினைந்து சதவீதம் மட்டும் காட்டினால், உங்கள் பிராசஸர் வேலையில்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். குற்றவாளி ஹார்டு டிஸ்க்.

மடிக்கணினிகளில் வைக்கப்படும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுகள் சுழலும் தட்டைக் கொண்டது. ஒரு கோப்பின் துண்டு எங்கே இருக்கிறதோ அங்கே படிப்பானின் முனை நகர்ந்து, அந்த இடம் சுழன்று தன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி இங்குமங்கும் சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒரு வினாடியில் ஏறத்தாழ நூறு முறைதான் அதனால் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் 10 போன்ற ஓர் இயங்குதளம் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவி இதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். ஆகவே ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடும் இந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் மகனுக்கு வேறொரு கணினி கைக்கு வந்ததுபோல் இருக்கும்.

உங்கள் மாதிரியில் இரண்டரை அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி கட்டாயம் பொருந்தும், ஏனெனில் இப்போது ஹார்டு டிஸ்க் இருக்கும் இடமே அதற்குரியதுதான். எம்.2 என்ற சிறு பட்டை வடிவத்துக்கான பொருத்தும் இடமும் சில மாதிரிகளில் உண்டு. அது இருந்தால் எஸ்எஸ்டியை அங்கே பொருத்தி, ஹார்டு டிஸ்க்கைப் படங்களும் பாடங்களும் சேமிக்க அப்படியே விட்டுவிடலாம். இடம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு வெளிச்சேமிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ராம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். அதே டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்கினால், எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று வலது பக்கத்தில் எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று காலி என்றால் இன்னொரு 4 ஜிபி சேர்த்து 8 ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இதில் அவசரப்பட வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து ராமின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. எஸ்எஸ்டியின் விலையும் அதைத் தொடர்ந்து ஏறியது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள். சென்னைக்கு வரும் வாய்ப்பிருந்தால் ரிச்சி தெருவில் வேறு கணினிகளிலிருந்து கழற்றிய ராம் கிடைக்கும். ராமில் சுழலும் பாகமோ உராயும் பாகமோ இல்லாததால், கடையிலேயே பொருத்திச் சோதித்துக் காட்டச் சொல்லிப் பழையதை வாங்குவதில் தவறில்லை. பழைய எஸ்எஸ்டியை மட்டும் வாங்காதீர்கள். அதில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு எல்லை உண்டு, முந்தைய உரிமையாளர் எவ்வளவு எழுதித் தீர்த்தார் என்பது உறையைப் பார்த்தால் தெரியாது.

கேள்வி: சார்ஜரைச் செருகியபடியே மடிக்கணினியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார் ஒருவர். முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார் மற்றொருவர். நாள் முழுவதும் வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தும் என்னைப் போன்றவர் என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: முழுதாகத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் செய்யும் பழக்கம் நிக்கல்–காட்மியம் மின்கலங்களின் காலத்தில் தோன்றியது. இன்று நம் மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம்–அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகையை உருவாக்கியமைக்காகத்தான் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் இயல்பே வேறு. இதற்கு ஆகாதவை இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று நெடுநேரம் நிரம்பி வழியும் நிலையில் இருப்பது. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் அளவில் நிற்கிறது; அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் மெல்லச் சிதைகிறது, சூடு சேர்ந்தால் சிதைவு விரைவாகிறது. நம் ஊர் மே மாதத்தில், மின்விசிறியின் காற்றுகூட அனலாய் வீசும் அறையில், நூறு சதவீத சார்ஜில் செருகியே கிடக்கும் பேட்டரிக்கு இரண்டு தண்டனையும் சேர்ந்து கிடைக்கிறது.

உங்களுக்குத் தீர்வு எளிது. செருகியபடியே பயன்படுத்துங்கள், ஆனால் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தங்கள் மென்பொருளிலோ, கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பிலோ தருகின்றன. லெனோவாவில் ‘கன்சர்வேஷன் மோடு’, ஆசுஸில் ‘பேட்டரி கேர்’ என்பதுபோல் பெயரும், மாதிரிக்கேற்ப நிறுத்தும் அளவும் மாறும். உங்கள் மாதிரியில் அந்த வசதி இல்லையென்றால், நாளில் சிறிது நேரம் பிளக்கைப் பிடுங்கி நாற்பது ஐம்பது சதவீதம்வரை இறங்கவிட்டு மீண்டும் செருகினால் போதும். இதைக் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. வெளியூர் போகும்போது மாதக்கணக்கில் மூடிவைப்பதாக இருந்தால், பாதி சார்ஜில் அணைத்துவிட்டுப் போங்கள். அடியோடு வற்றிய நிலையில் விட்டுப்போனால் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டு, திரும்பி வந்தபின் சார்ஜே ஏறாமல் போகலாம்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விண்டோஸே சொல்லும். ‘கமாண்ட் பிராம்ப்ட்’டைத் திறந்து, பவர் என்பதோடு சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள்; ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளியின்றித் தட்டி என்டர் அழுத்தினால் ஓர் அறிக்கை உருவாகி, அது எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்பதும் திரையில் வரும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்பது இன்றைய கொள்ளளவு. 40,000 என்று இருந்தது 32,000 ஆகியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். சாதாரண மடிக்கணினி பேட்டரி முந்நூறு முதல் ஐந்நூறு முழு சார்ஜ் சுற்றுகளில் இந்த நிலைக்கு வருவது இயற்கை. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: என் மடிக்கணினியின் டச்பேட் சில வாரங்களாக அழுந்த மறுக்கிறது. மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடுகிறது. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: தம்பி, இதைப் படித்தவுடன் மடிக்கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால், டச்பேடின் அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். சிதைந்த மின்பகு திரவத்திலிருந்து எழும் வாயு வெளியேற வழியில்லாமல் பேட்டரியின் அலுமினிய உறையைத் தலையணைபோல் ஊதவைக்கிறது. அது மேலே டச்பேடைத் தள்ளும், கீழே அடிமூடியைத் தள்ளும்.

உப்பிய பேட்டரியைக் குத்தி வாயுவை இறக்கலாம் என்று யூடியூபில் யாராவது காட்டினால் நம்பாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும். அழுத்தி உள்ளே தள்ளி மூடியைத் திருகவும் கூடாது. பேட்டரி கழற்றுவதில் பழக்கமுள்ள பழுதுபார்ப்பவரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கழற்றியதை வீட்டுக் குப்பையில் போடுவதும் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு; ஆகவே அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் ஒப்படைக்கலாம். புதிய பேட்டரி பொருத்திய பிறகு டச்பேட் தானாகவே சரியாகிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். செலவைக் கேட்டீர்கள்; பேட்டரிக்குத்தான் ஆகும்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. டிடிபி வேலையும், ஒரு சிறு நிறுவனத்துக்கு டேலியில் கணக்கு எழுதும் வேலையும் இதில்தான் செய்கிறேன். தூக்கிப் போட வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இந்தக் கேள்விதான் இம்முறை அதிகம் வந்தது. உறுப்புகள் எல்லாம் உழைக்கும் நிலையில் இருக்கும்போது, மென்பொருள் காரணமாக மட்டும் கோடிக்கணக்கான கணினிகள் குப்பைக்குத் தள்ளப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதன் பொருள் அன்றோடு கணினி நின்றுவிடும் என்பதன்று. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை மைக்ரோசாஃப்ட் இனி அடைத்துத் தராது என்பதுதான். விண்டோஸ் 11 கேட்கும் முக்கியமான தகுதிகள் இரண்டு. ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. மற்றொன்று, இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். உங்களுடையது எந்தத் தலைமுறை என்று அதன் பெயரிலேயே தெரியும்: ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தும் ஏறாது என்று வந்தால், பெரும்பாலும் பயாஸில் டிபிஎம் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் அதற்குப் ‘பிடிடி’ என்று பெயர். அதை இயக்கினால் வழி திறக்கும். பலர் இதைப் பார்க்காமலேயே புதுக் கணினி வாங்கிவிடுகிறார்கள்.

ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால், உங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிடிபி வேலையில் நீங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களும் பயன்படுத்துவீர்கள் என்றே நினைக்கிறேன். அவையும் விண்டோஸை விட்டு நகரா. ஆகவே உங்களுக்கு உடனடி வழி, வீட்டுப் பயனாளர்களுக்கென மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்வது. அது 2026 அக்டோபர் 13 வரையிலான ஓராண்டுக்கு அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை மேகச் சேமிப்போடு (கிளவுட்) ஒத்திசைத்தால் பணம் கட்டாமலேயே சேரலாம். செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். அதற்குள் கணக்கு வேலைக்கென வேறு கணினிக்கு மாறத் திட்டமிடுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன விண்டோஸில் வங்கிப் பரிமாற்றமும் ஜிஎஸ்டி தாக்கலும் செய்ய வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிறருடைய பணமும் கணக்கும் உங்கள் கையில் இருக்கின்றன.

அதன் பிறகும் இந்தக் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவினால், இணையம், மின்னஞ்சல், படம் பார்த்தல், பிள்ளைகளின் பாடம், லிப்ரே ஆபீஸில் கடிதமும் கணக்குத்தாளும் என எல்லாவற்றுக்கும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தவறாமல் வரும். தமிழ்த் தட்டச்சுக்கு இடர் இல்லை. தமிழ்99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை மூன்றும் அதில் உண்டு. நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. வைஃபை, ஒலி, உங்கள் பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்படியே சோதித்துவிட்டு, திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள்.

கேள்வி: பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பெட்டிக்குள் கிடக்கிறது. இன்னும் உதவுமா?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில், விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தது. எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அதுதான். இப்போது அதில் நவீன விண்டோஸை எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரியைப் பின்புறத்துத் தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றும் மாதிரி என்றால், செத்த பேட்டரியை எடுத்துவிட்டுச் சார்ஜரில் நேராக இயக்கிப் பாருங்கள். உயிர் இருந்தால், எஸ்எஸ்டி ஒன்றும் எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றும் போட்டுத் தட்டச்சுப் பழகவும், நிரல் எழுதக் கற்கவும், சேமித்த பாடங்களைப் பார்க்கவும் பயன்படுத்தலாம். கனத்த இணையதளங்களில் திணறும். அதற்கு மேல் செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: உலோக உடல் கொண்ட மடிக்கணினி வாங்கி மூன்றாண்டு ஆகிறது. சார்ஜ் போட்டிருக்கும்போது கை பட்டால் சுர்ரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், நாகப்பட்டினம்

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் இது ஆபத்தில்லாத காரணத்தால் வருவது. சார்ஜருக்குள் மின்னிரைச்சலைக் குறைப்பதற்காக ஒரு சிறு மின்தேக்கி, 230 வோல்ட் பக்கத்தையும் மடிக்கணினிப் பக்கத்தையும் இணைத்தபடி வைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே ஒரு மில்லி ஆம்பியரிலும் குறைவான கசிவு வந்துகொண்டே இருக்கும். மூன்று ஊசி பிளக்காக இருந்து, சுவர்ச் சாக்கெட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால், அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. எர்த் இல்லாத பழைய வீட்டிலோ, மூன்று ஊசியை இரண்டாக்கும் கன்வெர்ட்டரைப் போட்டிருந்தாலோ அது உலோக உடலில் தேங்கி, புறங்கையால் மெல்லத் தடவினால் சொரசொரப்பாய்த் துடிப்பதுபோல் உணர்த்தும்.

முதலில் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சாக்கெட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் எர்த் குழியின் கம்பி உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அரித்துப் போவது வழக்கம். அதைச் சரிசெய்வது மடிக்கணினிக்கு மட்டுமன்றி வீட்டின் மற்றக் கருவிகளுக்கும், உங்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு. அடுத்து சார்ஜரைப் பாருங்கள். அசல் சார்ஜர் கெட்டுப்போய் மலிவான மாற்றுச் சார்ஜர் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், நான் முன்னே சொன்ன ஆறுதல் பொருந்தாது. தரக்குறைவான சார்ஜரில் அந்த மின்தேக்கி பழுதானால் கசிவு ஆபத்தான அளவுக்குப் போகலாம். மடிக்கணினி சார்ஜருக்கு நம் நாட்டில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ஆங்கில எழுத்து ‘ஆர்’ முன்னே நிற்கும் பதிவு எண் அதன் ஒட்டுச்சீட்டில் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று காட்டும். எண் இல்லாத சார்ஜரையும், தட்டிப் பார்த்தால் வேறு பொருளின் பெயர் வரும் சார்ஜரையும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

கேள்வி: மூடியைத் திறக்கும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்கிறது. இடது கீல் பக்கத்தில் பிளாஸ்டிக் லேசாகப் பிளந்திருக்கிறது. திரை வேலை செய்கிறது. அப்படியே ஓட்டலாமா?
– ஒரு பத்திரிகையாளர், மதுரை

பதில்: ஓட்டக் கூடாது. நடுத்தர விலை மடிக்கணினிகளில் நான் அதிகம் பார்க்கும் சேதம் இதுதான். ஆரம்பத்திலேயே கவனித்தால் சில நூறு ரூபாயில் முடிவதும், விட்டுவிட்டால் திரையையே பலி வாங்குவதும் இதுதான்.

கீல் என்பது உலோகம். அது திருகப்பட்டிருப்பதோ, பிளாஸ்டிக்கில் புதைத்த சிறு பித்தளை நட்டுகளில். கீலின் உள்ளே இருக்கும் கிரீஸ் சில ஆண்டுகளில் காய்ந்து இறுகிவிடும்போது, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் கையின் விசை முழுவதும் அந்த நட்டுகளின் மேல் விழுகிறது. ஒரு நாள் நட்டு, தன்னைச் சுற்றிய பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடுகிறது. நீங்கள் கேட்கும் ‘டக்’ அந்தச் சத்தம்தான். இனி கீல் திரும்பாமல் சட்டகத்தை நெம்பும். பக்கத்திலேயே ஓடும் திரைக் கேபிள் நசுங்கும். கடைசியில் திரையின் கீழ் விளிம்பில் விரிசல் விழும்.

நல்ல பழுதுபார்ப்பவர் முதலில் கீலைக் கழற்றி, அதன் மரையைச் சற்றுத் தளர்த்தி, இறுக்கத்தைக் குறைப்பார். பிறகு பித்தளை நட்டுகளைப் பழைய இடத்தில் நிறுத்தி எபாக்சி பசையால் கட்டி, ஒரு நாள் முழுக்க உலரவிடுவார். இறுக்கத்தைக் குறைக்காமல் பசை மட்டும் போட்டுத் தந்தால் சில மாதங்களில் மறுபடியும் பெயரும், ஆகவே “கீலைத் தளர்த்தினீர்களா?” என்று கேட்டே வாங்குங்கள். பிளாஸ்டிக் முழுதும் உதிர்ந்திருந்தால் அடிச்சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தபின், மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விட்டு, மேல் விளிம்பின் நடுவில் விரல் வைத்துத் திறக்கவும். வாசகர்கள் எல்லோருக்குமே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: விசிறி விமானம்போல் இரைகிறது. கூலிங் பேட் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கூலிங் பேடுக்கு முன் உள்ளே சுத்தம் செய்யுங்கள். அடிமூடியைத் திறந்தால், விசிறிக்கும் செம்புக் குழாயின் முனையில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் இடையில் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் படிந்திருப்பதைக் காணலாம். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். நெசவும் பின்னலாடையும் நடக்கும் ஊர்களில் பஞ்சு மிகுதி என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது. நான்கைந்து ஆண்டு ஆன கணினி என்றால், அப்போதே பிராசஸரின் மேல் காய்ந்துபோன, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் துடைத்துப் புதிதாக இடச் சொல்லுங்கள். சூடு தாளாத பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி பழசானதால் மந்தமானது என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இதுதான். மெத்தையின் மேல் வைத்துப் படம் பார்ப்பவர்கள் அடியில் ஒரு பலகையாவது வையுங்கள்.

கேள்வி: இனி புதிதாக வாங்கினால் ஏழெட்டு ஆண்டு உழைக்கும்படி வாங்க விரும்புகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு நூலகர், யாழ்ப்பாணம்

பதில்: பிராசஸரின் பெயரையும் மெலிதான உடலையும் பார்ப்பதற்கு முன், அதைத் திறந்து மாற்ற முடியுமா என்று பாருங்கள். ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் பின்னாளில் கூட்ட முடியாது. அப்படிப்பட்டதைத்தான் வாங்க வேண்டும் என்றால் 16 ஜிபிக்குக் குறைவாக வாங்காதீர்கள். பேட்டரி திருகால் பிணைக்கப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா என்பதை அந்த மாதிரியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும். அலுவலகங்களுக்காகச் செய்யப்படும் வரிசைகளுக்கு, டெல்லின் லாடிட்யூட் (2025இல் ‘டெல் புரோ’ என்று பெயர் மாறியது), லெனோவாவின் திங்க்பேட் போன்றவற்றுக்கு, இந்தக் கையேடுகள் நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. உதிரிப் பாகங்களும் பல ஆண்டுகள் கிடைக்கும். அந்த வரிசையில் நல்ல நிலையில் உள்ள பழையது, அதே விலையில் வரும் மலிவான புதியதைவிட அதிக நாள் உழைப்பதையே கண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் கடல் காற்று உண்டு என்பதால் துரு, உப்புப் படிவு இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து மடிக்கணினிகளின் விலைச்சீட்டோடு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் காட்டப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசல் தொடங்கி, நிறுவனங்களின் கையேடுகளையும் சேவை விவரங்களையும் அங்கே சேர்த்துவருகிறது. கடை மேசையிலேயே அந்த மதிப்பெண் தெரியும் நாள் நம் பக்கத்திலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: பழைய மடிக்கணினியை உறவினர் மகனுக்குக் கொடுக்கப் போகிறேன். என் கோப்புகளை எல்லாம் டெலீட் செய்துவிட்டேன். அது போதும்தானே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: போதாது. டெலீட் செய்வது, கோப்பு இருக்கும் இடத்தைக் காலி என்று குறித்துவைப்பது மட்டுமே. எளிய மென்பொருள் ஒன்றாலேயே பலவற்றை மீட்டுவிடலாம். முதலில் உங்களுக்கு வேண்டியவற்றை வெளிச்சேமிப்பில் எடுத்து, அங்கே ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘ரிக்கவரி’ பகுதிக்குப் போய் ‘ரீசெட் திஸ் பிசி’யைத் தேர்ந்து, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதையும், அடுத்து வரும் அமைப்புகளில் ‘கிளீன் டேட்டா’வையும் இயக்குங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் இதற்குப் பல மணி நேரம் ஆகும். சார்ஜரைச் செருகி இரவில் விட்டுவிடுங்கள்.

கணினி பழுதாகி ஆன் ஆகாத நிலையில் கொடுப்பவர்கள் ஹார்டு டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். யாருக்கும் உதவாத நிலை என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ ஒப்படையுங்கள். எடைக்கு எடுப்பவரிடம் போட்டால், அதிலிருக்கும் செம்புக்காகக் கம்பியும் பலகையும் திறந்தவெளியில் எரிக்கப்படும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அதை எரிப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். உறவினர் மகனுக்குக் கொடுக்கும்போது சார்ஜரையும், வாங்கியபோது வந்த ரசீதின் நகலையும் சேர்த்தே கொடுங்கள். பேட்டரி வாங்கவோ பாகம் தேடவோ அந்தப் பையனுக்கு மாதிரி எண் தேவைப்படும். அடிப்பக்க ஒட்டுச்சீட்டில் அது அழிந்திருந்தாலும் ரசீதில் இருக்கும்.